மூன்றாவது மீட்டர்

எங்கள் வீட்டு மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அங்கே மொத்தம் ஆறு மீட்டர். எங்களுடையது மூன்றாவது. மேலே வெள்ளை பெயின்டில் மூன்று என்று போட்டிருக்கும். அத்தனை வருஷம் அந்தப் படியில் ஏறி இறங்கியும் நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்து. ஆறு குடித்தனம். எங்களுக்கு மாடியில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. நான் சமையல் வேலைக்குப் போகிறவள். காலையில் மயிலாப்பூரில் ஒரு வீடு, மத்தியானம் தி.நகரில் ஒரு வீடு. அஞ்சாவது வரை படிப்பு. எங்கள் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் பாலிஷ் பட்டறையில் இருந்தார். பித்தளை, ஸ்டீல் சாமான்களைச் சுற்றுகிற சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குகிற வேலை. சாயங்காலம் வந்தால் புருவம்கூடக் கறுப்பாக இருக்கும். மூக்கைச் சிந்தினால் அதுவும் கறுப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

முதலில் இருமல் வந்தது. அப்புறம் மூன்று படி ஏறினால் நிற்க வேண்டியதாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி விரியாது என்றார்கள். பட்டறை நின்றது. கொஞ்ச நாள் கழித்து, வீட்டில் காற்று மிஷின் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பகல் ஓட வேண்டும் என்றார்கள். வாடகைக்கு எடுத்து வந்தோம். சின்ன பீரோ மாதிரி இருக்கும், கீழே சக்கரம். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, பிராண வாயுவை மட்டும் பிரித்து ஒரு குழாயில் விடும். குழாயை மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் உதவிக்கு என்று ஒரு சின்ன சிலிண்டரும் கொடுத்தார்கள்.

மிஷின் ஓடினால் உஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் டொக். உஸ், டொக். முதல் வாரம் தூக்கம் வரவில்லை. அப்புறம் அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வருவார். எங்கள் காம்பவுண்டில் ஒரு பழக்கம். அவர் கேட்டைத் திறந்ததும் பக்கத்துப் போர்ஷன் ஆட்டோக்காரத் தம்பி, ரீடிங் ரீடிங் என்று குரல் கொடுப்பான். ஆறு வீட்டிலும் ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் அணையும். அவர் போன பிறகு எல்லாம் திரும்ப ஓடும். நானும் ஓடிப்போய் அணைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார்.

"இத்தினி நாளா ஓடினத எல்லாம் அது எழுதி வெச்சிகினுதான் கீது. இப்ப அமத்தி இன்னாமே ஆவப்போவுது?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் அணைத்தார்கள், நானும் அணைத்தேன். மிஷின் வந்த பிறகு முதல்முறை ரீடிங்காரர் வந்தபோது மற்றதையெல்லாம் அணைத்தேன். மிஷின் ஓடியது.

அன்றைக்கே எங்கள் வீட்டுக்காரர் போனுக்கு பில் மெசேஜ் வந்தது. அவர்தான் படித்தார். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். என்ன என்று கேட்டேன். பிடுங்கிப் பார்த்தேன். எப்போதும் கட்டுகிறதைப்போல எத்தனை மடங்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் இரண்டு வீட்டில் சமைத்துக் கொண்டுவருகிறதில் பாதி.

ஆட்டோக்காரத் தம்பியிடம் காட்டினேன். அவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, ஏசி வெச்சவன்கூட இவ்ளோ கட்டமாட்டான். ஹவுஸ் ஓனரு மோட்டார உன் மீட்டர்ல குத்தி வெச்சிகிறாரு, வேற ஒண்ணும் இல்ல."

எனக்கு அது சரி என்று பட்டது. ஹவுஸ் ஓனரின் தண்ணீர் மோட்டார் மூன்றாவது மீட்டருக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அதன் ஒயர் மேலே போய் மற்ற ஒயர்களோடு கலந்துவிடும். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மோட்டார்தான் என்று மனசில் வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டது லேசாக இருந்தது. அவரிடமும் சொன்னேன். உன்னால இல்லைய்யா, மோட்டாரு என்றேன்.

அவர் பார்த்துவிடலாம் என்றார்.

பார்க்கிறது எப்படி என்று அவருக்குத் தெரியும். பட்டறையில் செய்திருக்கிறார்களாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். மெயினையும் அணைக்க வேண்டும். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருக்கும். கரண்ட் ஓட ஓட மின்னும். நம் வீட்டில் எல்லாம் நின்ற பிறகும் அது மின்னினால் வேறு யாரோ நம் மீட்டரில் இழுக்கிறார்கள். நின்றுவிட்டால் எல்லாம் நம்முடையது.

எல்லாவற்றையும் என்றால் மிஷினையும்.

வேண்டாம் என்றேன். சிலிண்டரைத் திறக்கிறேன் என்றேன். அது கரண்ட் போகிற நேரத்துக்கு, சும்மா வீணாக்காதே என்றார். கொஞ்ச நேரம் தாங்கும், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். தம்பி பார்த்துச் சொல்லட்டும், நான் கூட இருக்கிறேன் என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் பாத்தா அது அவன் பாத்தது. நீ பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு ஓனரையும் கூப்பிட்டோம். அவர் தெற்கத்திக்காரர். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மோட்டாரை அவரே போட்டுவிட்டார். ஓடட்டும், அப்போதுதான் தெரியும் என்றார். தம்பி போனில் டார்ச் அடித்துக்கொண்டு மீட்டருக்குப் பக்கத்தில் நின்றான்.

நான் மேலே ஃபேனை அணைத்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். மிஷினை அணைத்தேன். டொக் என்ற சத்தத்தோடு நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. மெயினை இறக்கினேன். அவர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். போ என்று கையால் காட்டினார்.

கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து மீட்டரிலும் புள்ளி மின்னியது. மூன்றாவதில் இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மின்னு மின்னு என்றுதான் மனசுக்குள் இருந்தது. மின்னவில்லை.

"இன்னும் கொஞ்சம் நேரம் பாத்துக்கிடுங்கம்மா, பொறவு சந்தேகம் வேண்டாம்" என்றார் ஓனர்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு நிற்க நேரம் இல்லை. மேலே ஓடினேன்.

எங்கள் வீட்டுக்காரர் நிலையில் நெற்றியை வைத்திருந்தார். உதடு நாவல் பழம் தின்றது மாதிரி இருந்தது. மெயினைப் போட்டு மிஷினைப் போட்டேன். குழாயைச் சரியாக வைத்தேன். மூச்சு வரும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பேச முடிந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"நின்னுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து தம்பி கத்திவிட்டான்.

"நைனா, நின்னுடிச்சு நைனா. மோட்டாரு மேல தப்பு இல்ல."

அவர் தலையை ஆட்டினார். மிஷினின் பின்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று அதில் எழுதியிருக்கும். என்னைத் திருப்பச் சொல்லி அதைப் படித்தார். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

"ராவும் பகலும் ஓடினா இது மட்டும் ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டு."

அப்புறம் சொன்னார்.

"உனக்கு மூச்சு ஃப்ரீ. என்னுது யூனிட் கணக்கு."

என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னதுதான். சிரித்தேன்.

இருந்தாலும் கரண்ட் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். மீட்டர்மேல் சந்தேகம் என்றால் பணம் கட்டி எழுதிக் கொடுங்கள், சோதிப்போம் என்றார்கள். வேண்டாம், எங்கள் மீட்டர் நல்ல மீட்டர் என்றேன். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். ஐநூறு வரை ஒரு ரேட். ஐநூறைத் தாண்டினால் ரேட்டே வேறு, தாண்டினது கொஞ்சமாக இருந்தாலும் பில் எகிறிவிடும். ஐநூறுக்குள்ளே வைத்துக்கொள்ளப் பாருங்கம்மா என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டேன். ஐநூறு.

ஃபிரிட்ஜை நிறுத்தினேன். பாலை வாங்கினதும் காய்ச்சி அன்றைக்கே தீர்த்தோம். மிக்சியை மேலே ஏற்றி வைத்துவிட்டு ஓனர் வீட்டு அம்மியில் அரைத்தேன். குண்டு பல்பை மாற்றினேன். மயிலாப்பூர் மாமியிடம் சொன்னபோது, எங்காத்துல ஒரு நாளைக்கு ஏசியே அவ்வளவு ஓடறதேடி என்றாள். பிறகு பேச்சை மாற்றி, கொத்தமல்லி எடுத்துண்டு போ என்றாள்.

மீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதில் எண்கள் மாறி மாறி வரும். முதலில் தேதி, அப்புறம் மணி, அப்புறம் என்னென்னவோ. ஓரத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்தோடு ஒரு எண் வரும், அதுதான் யூனிட் என்று அவர் அடையாளம் சொன்னார். அது வரும்வரை நிற்க வேண்டும். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கேட்டைத் திறந்து, படிக்குக் கீழே குனிந்து அந்த எண்ணைப் பார்த்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே மாடி ஏறுவேன். அவரிடம் சொல்வேன். அவர் நேற்றைய எண்ணை நினைவில் வைத்திருப்பார். கழித்துச் சொல்வார்.

பத்து. ஒன்பதரை. ஒன்பது.

ஒன்பதிலிருந்து எட்டாயிற்று. நாளுக்கு எட்டு என்றால் ஐநூறு தாண்டாது என்றார். அப்புறம் அவர் எண்ணைச் சொல்லாமல், கொறஞ்சிருக்கு, நல்லா கொறைக்கிற நீ என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். ஃபிரிட்ஜு பெரிய திருடன்மே, அதை நிறுத்தினது நல்லது என்றார். பல்பு மாற்றினது நல்லது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் கணக்கில் நான் ஜெயித்ததில்லை. இதில் ஜெயிக்கிறேன் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் அவர் அதிகம் தூங்கினார். கால் வீங்கியது. நோய் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் மீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டு மேலே போனபோது அவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. எண் மறந்துவிடும். திரும்ப இறங்கிப் படியில் உட்கார்ந்தேன். நேற்று சொன்ன எண் எனக்கும் நினைவிருந்தது. நாமே கழித்துப் பார்ப்போமே என்று விரல் விட்டுக் கழித்தேன்.

ஐந்து வந்தது.

தப்பாகப் போட்டுவிட்டேன் என்று திரும்பக் கழித்தேன். ஐந்துதான். சந்தோஷம்கூட வந்தது. எழுந்து நாலு படி ஏறினேன். அப்போதுதான் அந்தத் தகடு ஞாபகம் வந்தது. மிஷின் மட்டும் எட்டு.

மேலே போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உஸ், டொக். குழாய் மூக்கில் இருந்தது. நாள் முழுக்க ஓடினால் அதன் முதுகு தோசைக்கல் ஆறினமாதிரி சுடும். மழைக்காலத்தில் அவருடைய துண்டை அதன்மேல்தான் காயவைப்பேன். கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

அவர் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

தம்பி மத்தியானம் சாப்பிட வரும்போது எட்டிப் பார்ப்பானே என்று கேட்டேன். பார்ப்பானாம். மிஷின் சூடாகிறது, ரெஸ்ட் கொடுக்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். பட்டறையில் மோட்டாருக்கு ரெஸ்ட் கொடுப்பார்கள். அவன் நம்பிவிட்டான். யாரும் நம்புவார்கள்.

"நீ கேட்டு தொறக்கற சத்தம் கேக்கும். கீழ குனிஞ்சி மீட்டரு பாத்துட்டுத்தான் வருவ. அதுக்குள்ள போட்டுக்குவேன்."

"எதுக்குய்யா?"

"ஐநூறு தாண்டக் கூடாதுன்னு நீ ஓடிகினு இருந்த. பகல்ல சும்மா குந்திகினுதான கீறேன். அவ்ளோ காத்து எதுக்கு?"

நான் சமையல்கட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜ் பிளக்கைச் சொருகினேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து வைத்தேன். இரண்டு லைட்டையும் போட்டேன். பரணிலிருந்து மிக்சியை இறக்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமே பண்ற?"

"தாண்டட்டும்" என்றேன்.

எனக்குத் தோன்றினது அவ்வளவுதான். ஐநூறு தாண்டும்வரைதான் அவர் மிச்சம் பிடிப்பார். தாண்டிவிட்டால் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. அடுத்த ரீடிங்குக்கு இன்னும் நாள் இருந்தது. தி.நகர் வேலையை விட்டேன். மத்தியானமே வந்துவிடுவேன். மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். பகலிலும் லைட் எரிந்தது. காலி ஃபிரிட்ஜ் ஓடியது. தம்பி வந்து பார்த்து, இன்னாக்கா கல்யாண வீடு மாதிரி கீது என்றான்.

தினமும் மீட்டரைப் பார்த்தேன். இப்போது நானே கழித்தேன். அந்த எண் ஏற வேண்டும் என்று நின்று பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன ரீடிங்கிலிருந்து ஐநூற்று ஒன்று ஆன அன்றைக்கு மேலே வந்து சொன்னேன்.

"தாண்டிடுச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும் வந்தது.

"பைத்தியம் பிடிச்சவளே" என்றார்.

"இனிமே அமத்தி ஒண்ணும் ஆவப்போறதில்ல. ஓடட்டும்."

ஓடட்டும் என்றார் அவரும். அதற்கப்புறம் அவர் அணைக்கவில்லை. மிஷினின் முதுகு எப்போது தொட்டாலும் சுட்டது.

ஆனால் உடம்பு தளர்ந்திருந்தது. ஒரு காலையில் காபியை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரே கேட்டார். அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. தம்பி ஆட்டோவில் கூட்டிப்போனோம். சிலிண்டரை நான் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் உள்ளே இருந்தார். மூன்றாம் நாள் இல்லை. நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள், மிஷின் விடாமல் ஓடியிருந்தாலும் இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமலேயே சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அவரிடம் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

மிஷினைக் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். சக்கரம் இருக்கிறதே என்று அதைப் படிவரை உருட்டிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாக இருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. இப்போதும் சரியாக வருவதில்லை.

அந்த பில் அவர் போனுக்குத்தான் வந்தது. பெரிய பில். அதைக் கட்ட நான் கஷ்டப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு யூனிட்டைப் பற்றியும் எனக்கு வருத்தம் இல்லை.

காலி ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டேன். ஒரு ஃபேன், ஒரு லைட். சாயங்காலம் வரும்போது பழக்கத்தில் படிக்குக் கீழே குனிந்துவிடுகிறேன். முன்னே அந்தப் புள்ளி அவர் மூச்சு வாங்குகிற வேகத்தில் மின்னிக்கொண்டிருக்கும். இப்போது அது ஒருமுறை மின்ன ரொம்ப நேரம் நிற்க வேண்டும்.

அந்த பில்லுக்கு இரண்டு மாதம் கழித்து ரீடிங்காரர் வந்தார். தம்பி குரல் கொடுத்தான். ஐந்து வீட்டிலும் ஃபேன் நிற்கிறது கேட்டது. நான் அணைக்கவில்லை. முறத்தோடு படியில் உட்கார்ந்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தார். மூன்றாவதில் நின்றார். கையில் இருந்த கருவியில் பழைய எண்ணைப் பார்த்தார், திரும்ப மீட்டரைப் பார்த்தார். புது ஆள். எங்களைத் தெரியாது.

"மூணாம் நம்பர் யாரும்மா? நூறுகூட ஓடல. ஒண்ணும் கட்டவேணாம். வீடு பூட்டிக் கிடந்துச்சா?"

"இல்ல சார்" என்றேன். "நான் இருக்கேன்."